உப்பில்லாத கம்பஞ்சோறு

நாய்க்குட்டிக்கு என்ன கொடுத்தால் உடம்பு தேறும் என்று கேட்க, இன்று காலை நானும் என் மனைவியும் அருப்புக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம்.

"குட்டிக்கு உப்பு ஆகாதும்மா. கம்பஞ்சோத்துல முட்டைய அவிச்சுப் பிசைஞ்சு குடுங்க" என்றார் டாக்டர்.

வீடு வந்ததும் தனிச் சட்டியில் சமைத்து, ஊதி ஊதி ஊட்டினாள்.

எனக்கு ரத்தக்கொதிப்பு. உப்பு கூடாதென்று எனக்குப் பார்க்கும் டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அன்று அவள் கேட்டது: "ஒங்க ஒருத்தருக்குன்னு தனியா உல வைக்கவா?"

இன்று குட்டிக்கு ஊட்டுவதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில், சாயங்காலத்துக்கு மூடி வைத்திருந்த மிச்சத்தை நானே தின்றுவிட்டேன்.

"ஏங்க, இப்ப பிள்ளை எதைத் திங்கும்?" என்று கத்துகிறாள்.

எனக்குச் சொன்ன சாப்பாடு எங்கள் வீட்டில் இன்றுதான் முதன்முதலாக வெந்தது. தின்றது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.