மூடிக்குள் எழுதிய அறுபது

ஆவூர் மரிய செல்விக்கு ஒரு கர்வம் இருந்தது. நகை, நிலம், பிள்ளைகளின் மார்க் என்று ஊரார் பெருமையடித்துக்கொள்ளும் எதிலும் அவள் கலந்துகொள்ளமாட்டாள். ஆனால் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரையும் பெட்ரோலையும் ஊற்றிக் குலுக்கினாள் என்றால், அதில் எத்தனை சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அந்தக் கர்வத்துக்குத்தான் கடவுள் தண்டனை கொடுத்தார் என்று பின்னால் அவள் நினைத்துக்கொண்டாள். கடவுளுக்கு வேறு வேலை இல்லையா என்ன.

ஒன்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தின் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக இருந்தவள் அவள். தற்காலிக வேலைதான். ஒரு ஜூன் மாதம் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உடைந்த மேசையோடு கழித்துப்போட்டிருந்த ஒரு அளவுக் குழாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதே வருஷம் அவள் புருஷன் ஜெரால்டு ஷார்ஜாவிலிருந்து திரும்பினான். அங்கே வேகக் கார்களை இன்னும் வேகமாக்கித் தரும் கராஜில் பதினோரு வருஷம் இருந்தவன், கீரனூர் ரோட்டில் தகர ஷெட் போட்டு அதே தொழிலைத் தொடங்கினான். இந்த ஊரில் யார் வரப்போகிறார்கள் என்று சிரித்தார்கள். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களுக்கு டர்போ வண்டிமேல் இருந்த ஆசை அப்படி.

டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சக்கரம். காற்று கூடினால் பலம் கூடும். ஆனால் ஓரளவுக்கு மேல் திணித்தால் சாதாரண பெட்ரோல் தாங்காது. தன் முறை வருவதற்கு முன்பே வெடித்து, உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் பிஸ்டனைத் தட்டும். எத்தனால் பொறுமைசாலி. குளிர்ச்சியானதும்கூட. அதனால் ஜெரால்டு எத்தனாலைத் தனியாக வாங்கி, அறுபது சதவீதம் இருக்கும்படி பெட்ரோலோடு கலந்து நீல டிரம்மில் வைத்திருப்பான். லேப்டாப்பை மாட்டி, வண்டியின் கம்ப்யூட்டரையும் அந்த அறுபதுக்குத் தகுந்தாற்போல் மாற்றிவைப்பான். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. டேங்கில் அறுபது என்று சொல்லிவைத்தால் அறுபது என்றே நம்பி ஓடும்.

அதற்குக் கண்ணாக இருந்தவள் செல்வி. குழாயில் பத்து மில்லி தண்ணீர் விட்டு, நூறு வரை டேங்கிலிருந்து எடுத்ததை ஊற்றிக் குலுக்கி நிறுத்துவாள். எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். நடுவே ஒரு கோடு விழும். கோடு அறுபத்து நாலில் நின்றால் அறுபது சதவீதம். உடனே பெட்ரோல் மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் 60 என்று எழுதுவாள். டேங்கில் ஒரு சொட்டு புதிதாக ஊற்றினாலும் அந்த எண்ணை அழித்துவிட வேண்டும். அவள் மறுபடி பார்த்து எழுதும்வரை வண்டியை விரட்டக்கூடாது. ஷெட்டின் சட்டம் அது.

"ஒரு சென்சார் வாங்கிப் போட்டுட்டா வண்டியே பாத்துக்கும் செல்வி. ஒனக்கும் இந்த வாடை இல்லாம இருக்கும்" என்று ஜெரால்டு இரண்டு தடவை சொன்னான்.

"அப்ப நான் எதுக்குங்க இருக்கேன்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் மறுபடி வேலையில்லாதவளாக அடுப்படிக்குத் திரும்புகிற பயம் அதில் இருந்தது. அவனுக்கு அது தெரிந்தது. பிறகு சென்சார் பேச்சை அவன் எடுக்கவில்லை. வருகிறவர்களிடம், "எங்க வீட்டம்மாதாங்க சென்சார்" என்பான். அதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் செல்வியின் அண்ணன் அடைக்கலசாமி வந்து, மகளை அழைத்துவர திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் வேண்டும் என்றார். ரிட்டயரான வாத்தியார், கார் ஓட்டினால் ஐம்பதைத் தாண்டாதவர். ஷெட்டில் ஓடும் நிலையில் இருந்தது ஜெரால்டின் சொந்த வண்டி ஒன்றுதான். வெள்ளை டர்போ கார், அறுபது எழுதியது, டேங்கில் முக்கால் இருந்தது. மெதுவாக ஓட்டினால் அதுவும் மற்ற கார்களைப் போலத்தான். சாவியைக் கொடுத்தான். போகவர அது தாராளம் என்பதால் பெட்ரோலைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கிய வண்டியை டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுத்தான் திருப்பி விடுவார்கள். போட்டேன் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் சொல்லிக்காட்டியதாகிவிடும். தங்கை புருஷனிடம் சொல்லிக்காட்டுகிற ஆள் அடைக்கலசாமி அல்ல. மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியைக் கழுவி, பளிச்சென்று ஷெட்டில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

வெளியே போய்வந்த எந்த வண்டியையும் செல்வி சோதிக்காமல் விட்டதில்லை. அன்றைக்கு விட்டாள். திருவிழாச் சமையலுக்கு அவளைத் தேடி ஆள் வந்துவிட்டது. குழாயைக் கையில் எடுத்தவள், அண்ணன்தானே ஓட்டிக்கொண்டு வந்தார், அவர் என்ன செய்துவிடப்போகிறார் என்று திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு அறந்தாங்கி உதயசூரியன் வந்தான். குவைத்திலிருந்து லீவில் வந்தவன். தன் காரையும் இதுபோல மாற்றலாமா என்ற யோசனையில் இருந்தான். ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்று ஜெரால்டிடம் ஏற்கெனவே கேட்டிருந்தான். இருவரும் வெள்ளைக் காரில் பைபாஸ் பக்கம் கிளம்பினார்கள்.

பந்தலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது செல்விக்கு இதெல்லாம் தெரியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அண்ணன் பெண்டாட்டி அலுத்துக்கொண்டாள்.

"ராத்திரி வீடு வந்து சேர ரொம்ப லேட்டாயிருச்சு செல்வி. பிளைட்டு நேரத்துக்கு வந்துருச்சு. ஒங்க அண்ணந்தான் வழியில பங்க்ல நிப்பாட்டிட்டாக. அம்புட்டுக் கூட்டம்."

செல்வியின் கத்தி நின்றது. "பங்க்லயா? எதுக்கு மதினி?"

"எதுக்குன்னா? மாப்பிள்ள வண்டியச் சும்மாவா விடுவாக?"

செல்வி எழுந்துவிட்டாள். ஓடியது போகப் பாதி டேங்க் அறுபது. மீதிப் பாதி பங்க் பெட்ரோல், அதில் எத்தனால் இருபது சதவீதம்தான். இரண்டும் சேர்ந்தால் நாற்பது. குழாயில் ஊற்றியிருந்தால் கோடு நாற்பத்தாறில் நின்றிருக்கும். மனம் அதைக் கணக்குப் போட்டு முடித்தபோது கை போனை எடுத்திருந்தது. ஜெரால்டு எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. வண்டியை விரட்டும்போது அவன் போனைத் தொடமாட்டான். அதுவும் அவன் சட்டம்தான்.

ஷெட்டுக்கு ஓடினாள். வெள்ளைக் கார் நின்ற இடம் காலியாக இருந்தது. கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை. அண்ணன் போட்டது கொஞ்சமாக இருக்கலாம், ஜெரால்டு பார்த்து, அதை வடித்துவிட்டு டிரம்மிலிருந்து ஊற்றியிருக்கலாம் என்று ஒரு ஆசை. டிரம்மைத் திறந்தாள். நேற்று இருந்த அளவு அப்படியே இருந்தது. குழாய் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. கோயில் பக்கம் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது முறையாகப் போனை அடித்தாள். அழைப்பு மணி கடைசிவரை போய் நின்றது. நாலாவது முறை அடித்தபோது சுவிட்ச் ஆஃப் என்றது.

யாரோ வந்து சொல்லி அவள் போய்ச் சேர்ந்தபோது, பைபாஸில் சாலையின் நடுவே கறுப்பாக எண்ணெய் நீளமாக இழுபட்டிருந்தது. அது முடிந்த இடத்தில் புளியமரம். என்ஜினுக்குள் பிஸ்டன் உடைந்து, அதைத் தாங்கும் தண்டு என்ஜினைப் பக்கவாட்டில் துளைத்து வெளியே வந்து, எண்ணெய் டயருக்கு அடியில் கொட்டியிருந்தது. ஓட்டியவன் பக்கம்தான் மரத்தில் மோதியது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே ஜெரால்டு போய்விட்டான்.

உதயசூரியன் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தான். செல்வியைப் பார்த்ததும் அழுதான்.

"பாத்துட்டுத்தான்க்கா ஏறுனாரு. டேங்கு ஃபுல்லா இருக்கேன்னு மூடியத் தெறந்து பாத்தாரு. அறுபதுன்னு எழுதியிருந்துச்சு. நம்ம வீட்டம்மா காலையிலயே ஊத்தி, செக் பண்ணி வச்சுட்டுப் போயிருக்குன்னு சிரிச்சாரு."

நசுங்காத பின்பக்கத்தில் அந்த மூடி பாதி திறந்து தொங்கியது. கழுவிய தண்ணீர் உள்ளே படவில்லை. அவள் கையெழுத்து அழியாமல் இருந்தது. செல்வி கிட்டே போனாள், தொடவில்லை. பழைய வண்டி, என்ஜின் உடைந்துபோனது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அவள் மறுத்துப் பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அடைக்கலசாமி அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் பத்து வயது கூடிவிட்டிருந்தது அவருக்கு. துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லப்போவது என்னவென்று செல்விக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தடுக்க நினைத்தாள். தடுத்தால் காரணம் கேட்பார்.

"இத நான் யாருகிட்டயும் சொல்லல செல்வி. சொல்லக்கூடாது. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது" என்றார். "அன்னிக்கு மாப்பிள்ள வண்டிக்கு டேங்க் ஃபுல் பண்ணி விட்டேம்மா. அவருக்குன்னு நான் கடைசியாச் செஞ்சது அது ஒண்ணுதான். அத நெனச்சாத்தான் கொஞ்சம் ஆறுதலா இருக்கு."

செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள். குழாயைத் திரும்ப வைத்த கை மடியில் கிடந்தது.

"ஆமாண்ணே. அவுக பாத்தாக. சந்தோஷப்பட்டாக" என்றாள்.