நான்கு விரல் இடைவெளி

பள்ளி வேன்கள் நிற்கும் எங்கள் கொட்டகையில் அவளை எல்லோரும் சாவியக்கா என்றே கூப்பிடுவார்கள். பதினெட்டு ஆண்டுகள் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் முதலில், குடித்திருக்கிறாரா என்று காட்டும் மூச்சுக் கருவியில் ஊத வேண்டும். அது தரும் சீட்டை அவள் பதிவேட்டில் ஒட்டுவாள். அதற்குப் பிறகுதான் சாவி. "முதல்ல ஊதுங்க, அப்புறம் உறவு கொண்டாடலாம்" என்பாள். பதிவேடு என் பொறுப்பு. அவள் ஒட்டிய சீட்டு ஒன்றுகூடக் கோணலாக இருந்ததில்லை.

ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணி பதினாறு நிமிடம். ஏழாம் எண் வேனை ஓட்டும் அவளுடைய சொந்தத் தம்பி வேகமாக வந்தான்.

"அக்கா, நேரமாச்சு. சாவியைக் கொடு, வந்து ஊதுறேன்."

தம்பிதானே என்று கொடுத்துவிட்டாள்.

நான் பதிவேட்டைப் பார்த்தேன். "ஏழாம் எண்ணுக்குச் சீட்டு எங்கேம்மா?"

"இதோ வந்து..." என்றவள் நிறுத்தினாள். மேசைமேல் அவன் உரித்துப் போட்ட புதினா மிட்டாய்த் தாள்கள் மூன்று கிடந்தன. இனிப்பே தொடாதவன் அவன். அவள் முகம் வெளுத்துப் போனது.

"பதினாறு பிள்ளைங்களை ஏத்தப் போற வண்டி சார்!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

வேன் கிளம்பிவிட்டது. அவள் வெளிவாசலுக்கு நடுவே இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். வேன் வேகம் குறையாமல் வந்தது. டயர் கிறீச்சிட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"பைத்தியமா உனக்கு? விலகு!"

"இறங்குடா."

"சாப்பாட்டோட ரெண்டு கிளாஸ்தான்க்கா. நல்லாத்தான் இருக்கேன். மூணு அடி தள்ளியே நிறுத்திட்டேன்ல?"

"மூணு அடியா? உன் கண்ணுக்கு இப்ப எறும்பும் யானைதான்டா" என்றார் டயர் மாற்றும் மொட்டையண்ணன்.

நான் அளவு நாடாவைக் கொண்டுபோனேன். வேனின் முகப்புக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவே ஏழு சென்டிமீட்டர். நான்கு விரல். அவனை இறக்கி நாடாவைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"மூணு அடின்னுதான் தெரிஞ்சது சார். சத்தியமா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வேறொரு ஓட்டுநர் ஊதி, சீட்டு ஒட்டி, சாவி வாங்கிப் போனார். பிள்ளைகள் பதினோரு நிமிடம் தாமதமாக வீடு சேர்ந்தார்கள்.

பதிவேட்டைத் திறந்தேன். எழுதினால் தம்பிக்கு வேலை போகும். அது அவளுக்கும் தெரியும்.

"முதல்ல என்னை எழுதுங்க சார். சீட்டு இல்லாம சாவி கொடுத்தது நான். அவன் அடுத்த வரி."

அப்படியே எழுதினேன். அவனுக்கு வேலை போனது. அவளை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்; அது முடிந்து திரும்பினாள். அதன்பின் சாவி கேட்டு அவசரப்படுத்துகிறவர்களிடம் எதுவும் பேசமாட்டாள். பதிவேட்டில் அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பி வைப்பாள். படித்துவிட்டு ஊதுவார்கள்.

ஓய்வு பெறும் நாள்வரை அந்த வாசலுக்கு நடுவே அவள் நடந்து நான் பார்த்ததில்லை. வேன்கள் எல்லாம் என்ஜின் அணைந்து நின்றாலும், சுவரைத் தொட்டுக்கொண்டே போவாள்.