வெள்ளையாக வந்த அருவி

அந்தமானில், எங்கள் ரங்கத் பஜாரில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமென்றால் சுகுணாவின் ஸ்டுடியோவுக்குத்தான் போகவேண்டும். நம் மூஞ்சி எப்படியிருந்தாலும் அடையாளம் தெரியும்படி எடுத்துக் கொடுப்பாள். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நம் தப்பு. கணவர் சுரேந்திரனுக்கு மலையருவியில் வேலை. அங்கிருந்து ஊருக்குத் தண்ணீர் வரும் குழாயின் வாயை இலை அடைக்காமல் பார்த்துக்கொள்வார். இருவருமே சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள்.

ஒரு நவம்பர் சாயங்காலம் அருவி முழுக்க நெருப்பாக எரிந்ததைப் பார்த்ததாக அவர் வந்து சொன்னார். மழை விட்டு, இரண்டு குன்றுகளுக்கு நடுவே சூரியன் இறங்கியபோது அப்படி ஆனதாம். எங்கள் பஜார் சும்மா விடுமா? வங்காளி பான் கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம், "க்யா பாய், பானி மே ஆக் லகா?" என்பார். தண்ணீரில் தீப்பிடித்ததா என்று. மனிதர் மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொண்டார். பஜார் சிரித்தது பெரிதில்லை. சுகுணாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள், அதுதான் அவரை வாட்டியது.

அது அவளுக்கும் உறுத்தியிருக்கிறது. போன நவம்பரில் மழை வெறித்த ஒருநாள், கடையைச் சாத்திவிட்டுக் கேமராவோடு அவர் பின்னால் மலையேறினாள். படத்தைக் காட்டி எல்லார் வாயையும் அடைக்கவேண்டும் என்று ஒரே வீம்பு.

ஐந்து மணிக்குள் இங்கே பொழுது சாய்ந்துவிடும். ஈரப்பாறையில் காத்திருந்தார்கள். சட்டென்று அருவியின் உச்சியில் சிவப்பு பற்றி, அப்படியே கீழே இறங்கியது. ஊதிவிட்ட அடுப்புக் கரியின் நிறம்.

சுகுணா கேமராவை எடுத்தாள். பையிலிருந்த வெள்ளைத் தாளை முன்னால் நீட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டினாள். ஸ்டுடியோவில் எந்த முகத்தை எடுத்தாலும் முதலில் அதைத்தான் செய்வாள். கை தானாகச் செய்துவிட்டது. தாளிலும் அந்தச் சிவப்பு விழுந்திருந்தது. கேமரா சிவப்பையே வெள்ளையாக எடுத்துக்கொண்டது.

வெளிச்சம் போன பிறகுதான் திரையைப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் சாதாரண வெள்ளைத் தண்ணீர். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கம்ப்யூட்டர்ல போட்டு செவப்பாக்கிர்றேங்க. ஒரு நிமிச வேலை."

"வேணாம். நீ கலரு போட்டா நான் சொன்னது பொய்யாப் போயிரும்."

"அப்ப ஊருக்கு என்னத்தக் காட்டுறது?"

"நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

அவர் குழாய் வாயிலிருந்து ஒரு கை இலையை அள்ளிப் போட்டுவிட்டு எழுந்தார். இறங்கும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாராம்.

அந்த வெள்ளை அருவி இப்போது ஸ்டுடியோ சுவரில் தொங்குகிறது. இதில் என்ன விசேஷம் என்று நானும் கேட்டேன். "செவப்பா இருந்துச்சு. நாந்தான் வெள்ளையா எடுத்துப்புட்டேன்" என்றாள். சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நேற்று இருவரும் பஜாரில் நடந்து வரும்போது பான் கடைக்காரர் விடவில்லை. "பாய், ஆக் லகா?" என்றார்.

சுரேந்திரன் வாயைத் திறப்பதற்குள் சுகுணா முந்திக்கொண்டாள்.

"லகா. மைனே தேகா."

தீப்பிடித்தது, நானே பார்த்தேன் என்று.