கதவில்லாத மாயர் நகரம்

பள்ளி வரலாற்றாசிரியர் பணி என்பது, அழிந்த நகரங்களைப் பற்றி, அழியவிருக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாகும். சுண்ணக்கட்டித் தூசியில் தொண்டையை இழந்த ஆசிரியத் தோழர்கள் இதனை அறிவர். எண்பதுகளில், தாராவியின் தமிழ்வழிப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்கு மாயர் நாகரிகத்தைக் கற்பித்தபோது, மாணவி மும்தாஜ் வசித்த சந்துக்குக் குடிசை அகற்றும் நோட்டீஸ் வந்திருந்தது. வீடு போனால் படிப்பும் போகும் என்பதை நாங்கள் இருவரும் அறிந்திருந்தோம்.

படத்தில் ஒரு வாசல்

மாயர்கள் காட்டின் நடுவே எழுப்பிய கல்மாளிகையின் படத்தைக் காட்டினேன். வாசல்கள் இருந்தன, கதவுகள் இல்லை. அவர்கள் நகரங்களைக் கைவிட்டதற்குப் போர், பஞ்சம், மழையின்மை என அறிஞர்கள் பல காரணங்கள் கூறுவதாக விளக்கினேன். மும்தாஜ் படத்தை ஊன்றிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"இடிக்கிற வண்டி வருதுன்னு தெரிஞ்சிருக்கும் சார். கதவைத்தான் முதல்ல கழத்துவோம், பாத்திரமெல்லாம் அப்புறந்தான்."

மாதத் தேர்வு

அவ்வாரம் அச்சந்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்க, வீட்டைக் காப்பது அவர்கள் பொறுப்பாயிற்று. வசதியானவர்கள் வாழும் மாட்டுங்காவிலிருந்து வரும் கணக்காசிரியரிடம், தேர்வை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்க மாயாவை வேணும்னா சாய்ஸ்ல விடலாம் சார், கணக்கை எப்படி விடறது?"

தோல் கோபுரம்

பள்ளிக் கண்காட்சிக்கு மும்தாஜ், தந்தையின் பட்டறையில் எஞ்சிய தோல்துண்டுகளை அடுக்கி, மாயர்களின் படிக்கோபுரத்தைச் செய்திருந்தாள். அதைத் தலையில் சுமந்து வந்தவர் அவள் தந்தை காதர் பாய். திருநெல்வேலிப் பக்கத்தவர், கைப்பை தைப்பவர். வீடிழப்போருக்கு மாற்றிடம் நகரின் கோடியில், மான்குர்த்தைத் தாண்டிக் கிடைக்குமாம். அங்கே தமிழ்ப் பள்ளி உண்டா என்று வினவினார். விசாரித்துச் சொல்வதாகக் கூறினேன். அவர் கோபுரத்தின் உச்சியைத் தடவினார்.

"இம்புட்டுக் கல்லு அடுக்குனவனுக்கே எடம் நெலைக்கலன்னா, நம்ம தகரம் எம்மாத்திரம் சார்?"

மாற்றுச் சான்றிதழ்

விசாரித்தேன், அங்கே தமிழ்ப் பள்ளி இல்லை. மழைக்கு முன்பே சந்து இடிக்கப்பட்டது. தலைமையாசிரியர் சான்றிதழில் கையொப்பமிடும்வரை மும்தாஜ் என் மேசையருகே நின்றாள். ஏதேனும் கூறவேண்டுமே என்று, மாயர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை, அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தம் மொழிகளைப் பேசி வாழ்கின்றனர் என்றேன். அவள் என் மேசைமீதிருந்த பாடநூலில் அந்த வாசல் படத்தைத் திருப்பினாள்.

"பேசுறாங்க, சரி. போன எடத்துல அந்தப் பிள்ளைங்க எந்த மீடியத்துல சார் படிச்சாங்க?"

நகரங்கள் கைவிடப்பட்டதற்குக் காரணங்களை வரிசையாகக் கூறப் பயிற்சி பெற்ற எனக்கு, வெளியேறியவர்கள் அதன்பின் எங்கே அமர்ந்து படித்தார்கள் என்பதை மட்டும் எந்தப் பயிற்சிக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை.