யார் அந்த லோபாயிகாரி?

லோபாயிகாரி என்றால் ஒரு பெண் என்று நம்பித் தொலைத்தேன். சிரிக்காதீர்கள்! பூக்காரி, வேலைக்காரி, கடன்காரி... 'காரி' என்று முடிந்தால் தமிழனுக்கு வேறு என்ன தோன்றும்?

போன ஞாயிறு திருப்பதியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். சித்தூர்க்காரர்கள். தமிழ்க் குடும்பம்தான், போனை எடுத்தால் மட்டும் தெலுங்கு. பையன் லட்சணமாக இருந்தான். என் மகள் தலையைக் குனிந்தபடி காபி கொடுத்தாள் — அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பையனின் அப்பா வாசலில் நின்று போனில் கிசுகிசுத்தார்: "மனவாடிகி முந்தே உந்தி, லோபாயிகாரி..." அடுத்த சொல்லை எங்கள் மிக்ஸி அரைத்துவிட்டது. பிறகு, "ஆயனகி ஒக்கடிகே தெலீது."

என் தெலுங்கு, காய்கறி வாங்கப் போதுமானது. மொழிபெயர்த்தேன். 'நம்ம பையனுக்கு முன்னாடியே இருக்கா, ஒரு லோபாயிகாரி. அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது.'

அந்த 'அவர்' யார்? நான்தான்!

சமையலறைக்கு ஓடினேன். "அடியே, பையனுக்கு ஏற்கெனவே ஒருத்தி கீறாளாம்!"

"இன்னா உளர்றீங்க? போய் சிரிச்சிக்கினு உக்காருங்க" என்றாள் மனைவி.

சிரிப்பதா? ஒரே மகள். அவள் வாழ்க்கை. ஹாலுக்கு வந்து தொண்டையைச் செருமினேன்.

"சார், மொதல்ல அந்த லோபாயிகாரிய வெட்டி உடுங்க. அப்புறம் மத்தது பேசலாம்."

காபி டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன.

மகள்தான் நிமிர்ந்தாள். "ஐயோ நைனா! அது பொம்பள இல்ல. லோபாயிகாரி ஒப்பந்தம்னா, வெளிய சொல்லாம உள்ளுக்குள்ளயே ஒத்துக்கினு போறது. தெலுங்கு நியூஸ்ல கட்சிக்காரங்கள தெனம் திட்றாங்களே, அது!"

அப்பாடா... போன உயிர் வந்தது. வந்த வேகத்தில் திரும்பவும் போனது.

"சரி... இங்க யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம்?"

மகள் பையனைப் பார்த்தாள். பையன் தரையைப் பார்த்தான். என் மனைவி ஃபேனைப் பார்த்தாள். பையனின் அப்பா மட்டும் என்னைப் பார்த்து, "உக்காருங்கண்ணா, காபி ஆறிக்கினு கீது" என்றார்.

ஜாடை, குறிப்பு, புரிதல் — தமிழிலும் இதற்குச் சொற்கள் உண்டு. அந்தச் சொற்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள். கொஞ்சம் திருட்டுத்தனமும் சேர்ந்தது தெலுங்குச் சொல்லில்தான். எந்த வீட்டில்தான் லோபாயிகாரி இல்லை? அதில் சேர்த்துக்கொள்ளப்படாத ஒரே ஆளுக்குத்தான் 'குடும்பத் தலைவர்' என்று பெயர்.

நடந்தது இவ்வளவுதான். கல்லூரி நாளிலிருந்தே இருவருக்கும் காதல். என் மனைவி சம்மதித்து, பையன் வீட்டாரோடு சேர்ந்து மண்டபம்கூடப் பேசி முடித்துவிட்டாள். பெண் பார்க்க வந்தது எனக்காக மட்டும்.