இடப்பக்கம் போன தோட்டாக்கள்

எட்டு மாதம் என் தோட்டாக்கள் இலக்குத் தாளின் இடப்பக்கமே போயின. எட்டு மாதமும் காரணம் நான்தான் என்று சொன்னார்கள். காப்பி அதிகம் குடிக்கிறேன். மணிக்கட்டில் பலமில்லை. வளையல் போட்டிருக்கிறேன். வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால், வளையல் இல்லாத கை மனசை உறுத்துகிறது. சுடும்போது கண்ணை மூடுகிறேன். கல்யாண யோசனையில் இருக்கிறேன். இப்படிப் பதினொரு காரணங்கள் வரை எண்ணினேன். அவற்றில் ஒன்றுகூடத் துப்பாக்கியைப் பற்றியது இல்லை.

எழுபதுகளின் நடுவில் நான் பாலக்காட்டில் ஒரு பாலிடெக்னிக்கின் பட்டறைப் பிரிவில் டீச்சராக இருந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவள். வாரநாள்களில் பையன்களுக்கு வெர்னியர் அளவுகோல் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். ஞாயிறு காலையில் ஊருக்கு வெளியே இருந்த துப்பாக்கிச் சங்கத்துக்குப் போவேன். என்.சி.சி.யில் ரைபிள் சுட்ட பழக்கம் இருந்தது. ஆனால் ரைபிளைத் தோள் தாங்கிக்கொள்ளும். கைத்துப்பாக்கியை நீட்டிய ஒற்றைக் கைதான் தாங்க வேண்டும். அந்த வருஷம் மாநிலப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து மூன்று பேரை அனுப்புவதாக இருந்தார்கள். தேர்வு விஜயதசமிக்கு அடுத்த ஞாயிறு. அந்த மூன்று பேரில் நான் ஒருத்தியாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

சங்கத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு போட்டித் துப்பாக்கி. அதன் மரப்பிடியைச் செயலாளர் பல வருஷம் முன்பு தன் கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் சித்தூர்ப் பக்கம் அரிசி ஆலை நடத்தியவர். அவர் உள்ளங்கையில் என் இரண்டு கையும் அடங்கும். பிறகு அவர் தனக்கென்று சொந்தத் துப்பாக்கி வாங்கிவிட்டார். சங்கத்துத் துப்பாக்கியின் பிடி மட்டும் அவர் கை அளவிலேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுகோலோடு போய் அளந்தேன். பிடியின் பின்புறத்திலிருந்து விசைவரை உள்ள தூரம். என் கட்டைவிரல் இடுக்கிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புவரை உள்ள தூரம். பிடியின் சுற்றளவு. விரல் மடிப்பு விசைக்கு அரை அங்குலம் எட்டவில்லை. அதனால் விரலின் நுனி மட்டும்தான் விசையை எட்டியது. நுனியால் இழுத்தால் விசை நேராகப் பின்னால் வராது. விரல் அதைப் பக்கவாட்டில் தள்ளும், குழல் இடப்பக்கம் திரும்பும். இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. எட்டு மாதமாக யாருக்கும் அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

ஈரக் களிமண்ணைத் துப்பாக்கியைப் பிடிப்பதுபோல் பிடித்து, காய வைத்து, அந்த அச்சை எங்கள் ஊர் எருத்தேன்பதிக்கு எடுத்துப் போனேன். எங்கள் வீட்டுக்குக் கலப்பை செய்து தரும் ஆசாரி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதென்னுங்க, அருவாப்புடியா?"

"துப்பாக்கிப் புடிங்க."

"ஊட்ல மாப்ள பாக்கறாங்கன்னு சொன்னாங்க. வர்றவனைச் சுடறதுக்குங்களா?"

"புடி சரியா வர்லீன்னா மொதல்ல உங்களைத்தானுங்க."

சிரித்துக்கொண்டே ஈட்டி மரத் துண்டு ஒன்றை எடுத்தார். மூன்று பிடி வீணானது. நாலாவதைப் பட்டறையில் நானே அரத்தால் ராவி முடித்தேன். வியர்த்தால் வழுக்காமலிருக்க மேலே சிறு புள்ளிகளாகக் குத்தினேன். பிடி கையில் உட்கார்ந்தது. விரலின் சதைப்பகுதி விசையில் படிந்தது.

பிடி மாறினால் மட்டும் போதாது. கல்பாத்தியில் நான் குடியிருந்த மாடி அறையில் தினமும் ஒரு செங்கல்லை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து நின்றேன். முதல் வாரம் நாற்பது எண்ணுவதற்குள் கை இறங்கியது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தவும், இலக்கைப் பார்க்காமல் முன்குறியைப் பார்க்கவும் பழகினேன். குழல் நுனியில் நிற்கும் சின்ன இரும்புத் தகடுதான் முன்குறி. பின்னால் இருக்கும் பிளவின் நடுவில் அந்தத் தகடு கறுப்பாக, கூர்மையாகத் தெரிய வேண்டும். அதற்காகச் சுடுவதற்கு முன் கற்பூரம் கொளுத்தி, அதன் புகையைக் குறியில் படிய விடுவேன்.

புதுப் பிடியைப் பார்த்ததும் செயலாளருக்குக் கோபம்.

"பொம்பளைக்கு ஒரு புடி, ஆம்பளைக்கு ஒரு புடியா? நாளைக்கு ஆளுக்கொரு கட்டையோட வந்து நின்னா என்ன பண்றதுங்க?"

"ரெண்டே திருகாணிங்க. கழட்டி மாட்ட ஒரு நிமிசம்கூட ஆகாதுங்க."

கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. ஆனாலும் அதற்குமேல் தடுக்காமல் போய்விட்டார். மூன்றே ஞாயிற்றுக்கிழமைகளில் என் தோட்டாக்கள் நடுவுக்கு வந்தன. அதற்கு மட்டும் யாரும் காரணம் தேடவில்லை.

பிறகு பூஜை வைப்பு வந்தது. சங்கத்தில் எல்லாத் துப்பாக்கிகளையும் அஷ்டமியன்று பூஜையில் வைத்து, விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள். நடுவில் யாரும் தொடக்கூடாது. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. பட்டறையில் என் அளவுகோல்களுக்கும் நான் பொட்டு வைப்பேன்.

தேர்வன்று காலை காவலாளி துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எப்படிங்க டீச்சரே, பளிச்சுனு இருக்குதுங்களா? புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவெளக்காட்டம் தேச்சிருக்கறனுங்க. அந்த மொனைலதான் கரி ஏறிப்போயி, உட மாட்டேன்னுது."

முன்குறியைத் தேய்த்திருந்தார். புளி, என் கற்பூரக் கரியோடு இரும்பின் கறுப்பு மெருகையும் சேர்த்துத் தின்றிருந்தது. முனை வெள்ளிபோல மின்னியது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தேய்க்கச் சொன்னது செயலாளராம். செயலாளரின் சொந்தத் துப்பாக்கியைப் பார்த்தேன். அதன் பெட்டிமேல் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு. துப்பாக்கி கன்னங்கரேலென்று இருந்தது. தன் துப்பாக்கியில் புளி படக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போட்டிக்கு முன் சரிபார்க்க ஐந்து தோட்டா தந்தார்கள். ஐந்தும் இடப்பக்கம்.

"கை பழையபடி ஆட ஆரம்பிச்சிருச்சுங்க" என்றார் செயலாளர், எல்லோருக்கும் கேட்கும்படி. பின்னால் சிரித்தார்கள்.

நான் தாளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. கை ஆடினால் ஓட்டைகள் சிதறும். ஒரே இடத்தில் குவிந்து, அந்த இடம் தவறாக இருந்தால் கோளாறு குறியில். காலை வெயில் இடப்பக்கமிருந்து அடித்தது. மின்னிய முனையின் இடது ஓரம் வெள்ளைத் தாளோடு கரைந்துபோய், நிழலில் கறுப்பாகத் தெரிந்த மீதியைத்தான் நான் பிளவின் நடுவில் வைத்துக்கொண்டிருந்தேன். இதைச் செயலாளரிடம் தாளைக் காட்டி விளக்கினேன்.

"எடது எடதுதானுங்களே" என்றார்.

"முனையைக் கறுப்பாக்க விடுங்க. அது போதும்."

நடுவராக இருந்தவர் ஓய்வுபெற்ற சுபேதார், மலையாளி. தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நியமத்தில அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல. பத்து நிமிஷம் உண்டு. வேகம் ஆகட்டே."

"நியமம் கெடக்குதுங்க சுபேதார். இது சங்கத்துப் பொருள்" என்றார் செயலாளர். "பூஜை வெச்ச ஆயுதத்துக்குக் கரி பூசறதா? வெளங்குமா? நானிருக்கற வரைக்கும் உட மாட்டேன்."

பத்து நிமிடத்தில் இரண்டு போய்விட்டிருந்தன. வாதாடினால் மீதியும் போகும்.

"சரிங்க. கரி வேண்டாம்" என்றேன். "கற்பூரம் காட்டலாமுங்களா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அது காட்டலாம். அதுக்கென்னுங்க."

தோட்டா அறையைத் திறந்து, குழல் காலி என்று சுபேதாரிடம் காட்டினேன். தகர மூடி ஒன்றில் இரண்டு வில்லை கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, முன்குறியைப் புகையில் நிறுத்தி, மெதுவாக மூன்று முறை சுற்றினேன். புகை கறுப்பாக எழும்பியது. முதலில் காவலாளி வந்து சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் பின்னால் மற்றவர்கள், தொப்பியைக் கழற்றிவிட்டு. கடைசியில் செயலாளரும் கையை நீட்டினார். நீட்டாமல் எப்படி இருப்பார்? சுடர் அணைந்தபோது முனை அட்டக்கரியாக இருந்தது. சுபேதாரின் முகம் தொலைநோக்கிக்குப் பின்னால் இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது.

எல்லோரும் சுட்டு முடித்து மதிப்பெண் கூட்டியபோது நான் இரண்டாவதாக இருந்தேன். செயலாளர் மூன்றாவது. பட்டியலில் என் பெயரை எழுதினார்கள். அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "பாத்தீங்களா, எல்லாம் அம்பாள் கடாட்சம். இல்லீன்னா அந்தக் கை நேரா நிக்குமா?" என்றார்.

இடப்பக்கம் போனால் என் கை. நடுவில் போனால் அம்பாள். தினமும் பிடித்து நின்ற செங்கல்லும், நாலு பிடியும், அளவுகளும் நடுவில் எங்கேயும் இல்லை. அம்பாளை நானும்தான் கும்பிடுகிறேன். அவளை இப்படி எனக்கு எதிராக நிறுத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"சுட்டவங்க பதிவேட்டைக் கொஞ்சம் கொடுங்க" என்றேன்.

ஒவ்வொரு ஞாயிறும் யார், எத்தனை தோட்டா, எப்படிச் சுட்டார் என்று செயலாளர் எழுதிவைக்கும் தடித்த நோட்டு அது. நான் முன்பு அதைத் திறந்து பார்த்ததில்லை. புதுப் பிடிக்கு முன் என் பெயர் வந்த இடத்திலெல்லாம் குறிப்புக் கட்டத்தில் அவர் கையெழுத்தில் இரண்டே சொல்: கை நடுக்கம். பக்கம் பக்கமாக.

"இதெதுக்குங்க இப்ப?"

"தப்பா இருக்குதுங்க. திருத்தணும்."

எழுத்தை மறைக்காமல் ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 'பிடி அளவு பொருந்தவில்லை' என்று எழுதி, தேதி போட்டேன். அளவுகளையும் முதல் வரியிலேயே குறித்தேன். சுபேதார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நேராகத் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். பாதி வந்திருப்போம், செயலாளரின் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் நிறைய வரிகள் இருந்தன.