கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது

1961 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையில் அப்போது இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். மேல்படியிலிருந்து இரண்டு முறை எண்ணினேன். அதில் என் அண்ணன் சதாசிவம் இல்லை.

சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆளைத் தேடிப் போகிறவர்களுக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் துறையூர். அண்ணன் அங்கே அரிசி மில்லில் வேலை பார்த்தவர். கொதிகலன் வெடித்ததில் காது போய்விட்டது. பிறகு வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்திக் கத்திப் பேசினோம். நான்தான் அதிகம் கத்தினேன். எனக்குப் பொறுமை கிடையாது. போன ஐப்பசியில் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. மாதப் பிறப்பு தவறாமல் யாரையாவது எழுதச் சொல்லி ஒரு கார்டு மட்டும் வரும்: ஸ்ரீரங்கத்தில் படித்துறையில் குளிக்கிறவர்களின் துணிமணியைப் பார்த்துக்கொள்கிறேன், சௌகரியம். சித்திரை வரை வந்தது. வைகாசிக்கு வரவில்லை. அம்மா தினம் கேட்டாள். ஆபீசில் ஏரி மதகு வேலை இருக்கிறது என்று சொல்லி நாலு வாரம் கடத்தினேன்.

துறையூரிலிருந்து முதல் பஸ் காலை 4.05. இருபத்தெட்டு மைல், ஒன்றரை மணி நேரம், ஒரு ரூபாய் பத்து நயா பைசா. கொள்ளிடம் தாண்டி, காவிரிப் பாலத்துக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து பத்து நிமிட நடை. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. ஆற்றில் பாதி மணல்தான். கடைசிப் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே முப்பது அடி நடக்க வேண்டியிருந்தது.

படித்துறை நுழைவில் ஒரு போர்டு இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே திருட்டு அதிகமாயிற்று. வேட்டி, சொம்பு, ஒரு அம்மாளின் சங்கிலி. சீட்டாட்டம் வேறு, பெண்கள் குளிக்கும் பக்கம் நின்றுகொண்டு கேலி பேசுவது வேறு. நகரசபையில் விதிகள் போடுவதென்று முடிவாயிற்று. ஓவர்சியர் படிப்பு முடித்து நான் அப்போது அங்கே தற்காலிக வேலையில் இருந்தேன். ஒருவர் எவ்வளவு நேரம் படியில் இருக்கலாம் என்று கணக்கெடுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் காலையில் கைக்கடிகாரத்தோடு நின்று நாற்பது பேரைக் கணக்கெடுத்தேன். சராசரி பதினோரு நிமிடம். தாராளமாக இருக்கட்டும் என்று பதினைந்து போட்டேன். நாலாவது விதி என் வாசகம்: ‘நீராடாமல் கால் மணி நேரத்துக்கு மேல் படியில் உட்கார்ந்திருப்போர் அப்புறப்படுத்தப்படுவர்.’

திருட்டு நின்றது. அது பொய்யில்லை. அண்ணனின் முதல் கார்டு வந்தபோது இந்த போர்டு எனக்கு ஞாபகம் வந்தது. அதுவும் பொய்யில்லை. அது திருடனுக்குப் போட்டதுதானே என்று கார்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

போர்டுக்குக் கீழேயே பூ விற்கும் பாப்பம்மாளிடம் விசாரித்தேன். அடையாளம் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணியை முடிச்சுப் போட்டு வரிசையாக வைப்பாராம். ஒரு நாளும் ஆள் மாற்றிக் கொடுத்ததில்லையாம். மூக்குக் கண்ணாடி கொடுத்தால் தன் துண்டில் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பாராம். சித்திரைப் பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் அவரைக் கொண்டு போய்விட்டார்களாம். யார் என்று கேட்டேன். படி ஓரம் நின்ற காவலாளியைத் தாடையால் காட்டினாள்.

“காது கேக்காதவருக்கு விசில் ஊதுன மகராசன் அவருதான் தம்பி. நாளைக்குக் கண்ணு தெரியாதவனக் கூட்டிப் போயி சினிமா காட்டுவாரு, பாருங்க.”

காவலாளி கோவிந்தன் கெட்டவர் இல்லை. ஆறு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார். திடீரென்று மேலிடத்தில் கெடுபிடி செய்திருக்கிறார்கள். மூன்று முறை விசில் ஊதியும் அண்ணன் திரும்பவில்லை. திமிர் என்று நினைத்துவிட்டார். பிறகு கிட்டப் போய், பதினைந்து நிமிடம்தான் என்று விரல்களால் காட்டினாராம்.

“அவரு கீழ இருந்த மூட்டைய எல்லாம் எண்ணிப் பாத்துட்டு, ‘ஒம்போதுதாங்க இருக்கு’ன்னாரு சார். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஆனா நான் என்ன செய்ய முடியும்?”

அன்றைக்கு அப்படி மூன்று பேரைப் பிடித்து, காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஊருக்கு வெளியே எங்காவது இறக்கிவிட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்பது ஏற்பாடு.

அந்த நாலாவது விதியை எழுதியது நான்தான் என்று கோவிந்தனிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப ஒரு சந்தேகம் சார், ரொம்ப நாளா. கால் மணிங்கறது வந்து உக்காந்ததுலேர்ந்தா, குளிச்சு ஏறுனதுலேர்ந்தா?”

அதை நான் எழுதவே இல்லை.

படித்துறையிலிருந்து காந்தி மார்க்கெட் டவுன் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம், பதினைந்து நயா பைசா. எட்டு மணிக்கு மேல் போனால் மூட்டைகளுக்கு நடுவே யாரோடும் நின்று பேச முடியாது. நான் எட்டரைக்குப் போனேன். நாலு கடை ஏறி இறங்கி அந்த லாரியின் கணக்குப்பிள்ளை காதர் பாயைக் கண்டுபிடித்தபோது பத்து மணி. அன்று அவரும் லாரியில் போயிருக்கிறார். மற்ற இரண்டு பேர் வழியிலேயே குதித்து ஓடிவிட்டார்களாம். அண்ணன் மட்டும் மருங்காபுரிக்குச் சாலை பிரிகிற விலக்கு வரை உட்கார்ந்து போயிருக்கிறார்.

“டிரைவர் ‘ஊருக்குப் போறீங்களா’ன்னு கேட்டாரு. தலைய ஆட்டுனாரு. சிரிச்ச முகமாத்தான் ஏறுனாரு தம்பி. எறக்கிவிட்டப்ப ஒரு தடவ சுத்திப் பாத்துட்டு, ‘இது தொறையூர் இல்லீங்களே’ன்னாரு.”

காதர் பாய் கணக்கு நோட்டை மூடி வைத்தார். திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார்களாம். வேறு வழியாகத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. “தப்புதான், அல்லா மன்னிக்கணும்” என்றார்.

அண்ணன் யார் எது கேட்டாலும் தலையை ஆட்டுவார். இன்னொரு முறை கேட்கச் சொன்னால் எதிராளி கத்துவான் என்ற பயம். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்.

மருங்காபுரிக்கு முப்பத்திரண்டு மைல், பதினோரு மணி பஸ், ஒன்றே கால் ரூபாய். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். விலக்கில் ஒரு டீக்கடையும் புளியமரமும் தவிர ஒன்றுமில்லை. சுற்றிலும் மழைக்குக் காத்திருக்கும் புழுதிக்காடு. டீக்கடைக்காரருக்கு அண்ணனை நன்றாக நினைவிருந்தது. இரண்டு நாள் அங்கேதான் இருந்திருக்கிறார். பஸ் மாறுகிறவர்கள் மரத்தடியில் பையை வைத்துவிட்டு டீ குடிக்க வந்தால், யாரும் சொல்லாமலே போய்ப் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாராம்.

“எழுந்திரின்னு யாரும் சொல்லலையா?” என்று கேட்டேன்.

“ஏன் சொல்லணும்? அவரு பாட்டுக்கு உக்காந்திருந்தாரு.”

மூன்றாம் நாள் துறையூருக்கு வழி கேட்டிருக்கிறார். கடைக்காரர் வடக்கே கை காட்டியிருக்கிறார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அறுபது மைல். அதற்கு நடுவே எத்தனை விலக்கு, எத்தனை பேர் எத்தனை பக்கம் கை காட்டியிருப்பார்கள்? ஆறு வாரம் ஆகிறது.

தேடிப் போகிறவர்களுக்கு: போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள். எங்களிடம் இல்லை. முதலில் காவலாளியிடம் போகாதீர்கள், பூக்காரியிடம் போங்கள். முக்கியமாக, நாலு வாரம் கழித்துப் போகாதீர்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை பதினைந்து நாள் லீவுக்கு எழுதிக் கொடுப்பது. கிடைக்காவிட்டாலும் போவது.

2. மருங்காபுரி விலக்கிலிருந்து வடக்கே சைக்கிளில் போவது. பஸ் நிற்கிற இடம், டீக்கடை, குளத்துப்படி எதையும் விடாமல் பார்ப்பது.

3. பாப்பம்மாளிடம் எங்கள் விலாசம் எழுதிய கார்டு பத்து கொடுத்து வைப்பது.

4. நாலாவது விதிக்கு நான் எடுத்த கணக்கு தப்பு என்று சபைக்குக் கையெழுத்திட்டு எழுதுவது. நாற்பது பேரில், சும்மா உட்கார்ந்திருந்த யாரையும் நான் சேர்க்கவில்லை.

5. அண்ணனைப் பார்த்துவிட்டால், பின்னாலிருந்து கூப்பிடாமல் இருப்பது. முன்னால் போய், அவராக நிமிர்ந்து பார்க்கும் வரை எவ்வளவு நேரமானாலும் நிற்பது.